செவ்வாயோ வியாழனோ

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இப்போது காலை ஏழரை மணி. அப்பாவை மெஷினில் போட்டு அரை மணி நேரம் ஆகிறது. இன்னும் மூன்றரை மணி நேரம் எனக்கு இந்த வராந்தா பெஞ்சுதான். நேற்று ராத்திரி நீ போனில் அழுதபோது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. பின்னால் குட்டிப் பயல் வேறு கத்திக்கொண்டிருந்தான். அதனால்தான் எழுதுகிறேன். அவன் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தால் போதும்.

நீ கேட்டது இதுதான்: "அம்மா, நீ முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் இருந்தாயே, யாரிடமாவது சொல்லி அந்த விபத்து வழக்கின் சாட்சிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட முடியாதா?" கண்ணு, அரசு வழக்கறிஞர் நினைத்தால் ஒரு சாட்சியை வேண்டாம் என்று விடலாம். அது உண்மைதான். ஆனால் அந்த விபத்தை நேரில் பார்த்தது நீ ஒருத்திதான். டீக்கடைக்காரர் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். மாப்பிள்ளை பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். உங்கள் வண்டியை ஓட்டியவள் நீ. உன்னை எடுத்துவிட்டால் அந்த வழக்கில் மிச்சம் இருப்பது பிரேதப் பரிசோதனை அறிக்கையும் ஒரு வரைபடமும்தான். அதனால், முடியுமென்றாலும் நான் யாரிடமும் கேட்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் கஷ்டத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிசேரியன் ஆகி ஐந்து மாதம்தான் ஆகிறது. அவன் புட்டிப்பால் குடிக்க மாட்டேன் என்கிறான். லீவு தீர்ந்துவிட்டது. வந்து பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்று சொல்லக்கூட முடியவில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அப்பாவுக்கு டயாலிசிஸ். இதெல்லாம் கோர்ட் காதில் விழ வேண்டிய காரணங்கள். அவற்றை உன் மனதுக்குள் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதே என்பதுதான் என் கவலை.

வாட்ஸ்அப்பில் வந்த சம்மன் செல்லுமா என்று மாப்பிள்ளை கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செல்லும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. கோர்ட் முத்திரையின் படத்தோடு மின்னணு வழியாகவும் சம்மன் அனுப்ப அதில் இடம் உண்டு. உங்கள் விபத்து அந்த வருஷத் தீபாவளி முடிந்து பெங்களூருக்குத் திரும்பும்போது நடந்ததால் புதுச் சட்டம்தான். இப்போது கோர்ட் பெயரில் போலிச் செய்திகளும் வருகின்றன. அதனால் சம்மனில் உள்ள சி.சி. எண்ணை, அதாவது வழக்கு எண்ணை, இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பார். வழக்கு யார் மேல், அடுத்த வாய்தா என்றைக்கு, என்ன நிலையில் இருக்கிறது எல்லாம் வரும். தேதி சில சமயம் மாறியிருக்கும். கிளம்புவதற்கு முதல் நாளும் பார்க்க வேண்டும்.

போகாமல் இருந்தால் என்ன ஆகும்? சரியான காரணம் இல்லாமல் வராத சாட்சிக்கு அந்தக் கோர்ட்டே சுருக்கமாக விசாரித்து 500 ரூபாய் வரை அபராதம் போடலாம். பழைய சட்டத்தில் இது 100 ரூபாய். வாரண்டு போட்டு அழைத்துவரச் சொல்லலாம். கோர்ட் அழைத்தும் வேண்டுமென்றே வராமல் இருப்பது தனிக் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 208ஆவது பிரிவில் அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. என் காலத்தில் சாட்சி ஜெயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. ஆனால் வாரண்டு போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

நீ ஏழாவதோ எட்டாவதோ படித்தாய். அப்போது நான் பெஞ்ச் கிளார்க். லாரி மோதி ஒரு மில் தொழிலாளி இறந்த வழக்கு. பார்த்த சாட்சி ஒரே ஒரு பூக்கார அம்மா. முதல் வாய்தாவுக்குக் காலை ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. இரண்டாவது வாய்தா, வக்கீல்கள் புறக்கணிப்பு. மூன்றாவது வாய்தா, நீதிபதி லீவு. ஒவ்வொரு தடவையும் அவர் அன்றைய பூ வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். மூன்றாவது தடவை நான் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் என்னை நிறுத்தி, "அம்மா, அடுத்த வாய்தா தேதியில என் மகளுக்குப் பேறுகாலம். என்னால வர முடியாது. நீங்க சொல்லிருங்க" என்றார். "அதெல்லாம் பி.பி.கிட்ட சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு நான் போய்விட்டேன். பி.பி. என்றால் அரசு வழக்கறிஞர். அவர் யார், எங்கே உட்காருவார், எப்படி எழுதித் தருவது, ஒன்றும் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வெள்ளைத்தாள் எடுத்து நாலு வரி எழுதிக் கைநாட்டு வாங்கி வைத்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

அடுத்த வாய்தாவில் மூன்று முறை கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. வாரண்டு போட்டு, அதை டைரியில் குறித்ததும் நான்தான். அப்புறம் ஒரு நாள் போலீஸ்காரரோடு வந்து கூண்டில் ஏறினார். கை நடுங்கியது. என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க சாமி" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. முன்பு சொன்னதிலிருந்து மாறிவிட்டார் என்று அவரைப் பிறழ் சாட்சியாக அறிவித்தார்கள். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து வழக்கு விடுதலையில் முடிந்தது. செத்துப்போனவருடைய சம்சாரம் யூனிபார்மோடு ஒரு பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தார். என்ன தீர்ப்பு என்று என்னிடம்தான் கேட்டார். நான்தான் சொன்னேன்.

அந்தப் பூக்கார அம்மா பொய் சொல்லவில்லை, கண்ணு. பயந்துபோயிருந்தார். 2000ஆம் வருஷம் ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எழுதியிருக்கிறது: சாட்சி தன் வேலையை விட்டுவிட்டு, எங்கிருந்தோ வந்து, வாய்தா மேல் வாய்தாவாக அலைகிறான், உட்கார இடமில்லை, ஒரு வாய் தண்ணீருக்கு வழியில்லை என்று. அதைப் படித்தபோது எங்கள் வராந்தாவைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், தேதிக்கு முன்னால் எழுதித் தெரிவி. கோர்ட்டுக்குத் தெரியாத கஷ்டத்துக்காகக் கோர்ட் வளைந்து கொடுக்க முடியாது. 'மாண்புமிகு நீதித்துறை நடுவர் அவர்களுக்கு' என்று தொடங்கி, வழக்கு எண், உன் சாட்சி எண், வாய்தா தேதி போட்டு எழுது. "சாட்சி சொல்ல நான் தயாராக இருக்கிறேன்" என்பதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும். பிறகு குழந்தையின் வயது, உன் ஆபரேஷன், நீ இருக்கும் ஊர். டாக்டர் சர்டிபிகேட்டும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலும் வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் கோர்ட்டுக்கு அனுப்பு. அதையே போட்டோ எடுத்து, உனக்குச் சம்மன் அனுப்பிய ஸ்டேஷனின் கோர்ட் காவலருக்கு வாட்ஸ்அப்பில் போடு. அரசு உதவி வழக்கறிஞரின் நம்பரையும் அவரிடமே கேட்டு வாங்கிப் பேசு. உன் சார்பாகக் கோர்ட்டில் வாய் திறக்க வேண்டியவர் அவர்தான். இதற்கு நீ தனியாக வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

கடிதத்தில் இரண்டு விஷயம் கேள். ஒன்று, காணொலி வழியாகச் சாட்சி சொல்ல அனுமதி. இது புதிதாக வந்த சலுகை இல்லை. அமெரிக்காவில் இருந்த ஒரு டாக்டரை மும்பை வழக்கு ஒன்றில் காணொலியில் விசாரிக்கலாம் என்று 2003இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது புதுச் சட்டத்தின் 530ஆவது பிரிவு சாட்சி விசாரணையை மின்னணு வழியில் நடத்தலாம் என்று நேராகவே சொல்கிறது. உன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நீ வேடிக்கை பார்த்தவள் இல்லை. அடிபட்ட அந்த மனிதரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு 108 வரும்வரை ரோட்டில் உட்கார்ந்திருந்தவள். விபத்தில் உதவப் போனவர்களைச் சாட்சி என்ற பெயரில் அலைக்கழிக்கக் கூடாது, அவர்களை விசாரிக்கக் காணொலியை அதிகம் பயன்படுத்த வேண்டும் என்ற வழிகாட்டுதல்களுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. இதைக் கடிதத்தில் ஒரு வரி எழுது. அனுமதி கிடைத்தால் பெரும்பாலும் வீட்டிலிருந்து பேச விடமாட்டார்கள். நீ இப்போது இருக்கும் புனேயில் ஒரு நீதிமன்ற வளாகத்துக்கு வரச் சொல்லி, பக்கத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலரை வைப்பார்கள். மாப்பிள்ளை வெளியே பையனை வைத்துக்கொண்டு உட்காரலாம். நடுவில் பால் கொடுக்க வேண்டுமென்றால் கேள், விடுவார்கள்.

இரண்டாவது, காணொலி முடியாதென்றால் நேரில் வர ஏற்ற ஒரு தேதி. ஆனால் அனுமதி தருவது நீதிபதியின் முடிவு. கூண்டில் நிற்கும் சாட்சியின் முகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். அது அவர்களின் உரிமை; அதில் கோபப்பட ஒன்றுமில்லை. குற்றம் சாட்டப்பட்டிருக்கும் அந்த டிரைவர் பையனுக்கும் இது வாழ்க்கைப் பிரச்சினை. கவனக்குறைவால் மரணம் என்பதற்குப் புதிய தண்டனைச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை தண்டனை.

நேரில் வருவதானால் காலை பத்து மணிக்கே பெஞ்ச் கிளார்க்கிடம் போய், "வெளி மாநிலத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்திருக்கிறேன்" என்று சொல். வந்த சாட்சியை விசாரிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது, விசேஷக் காரணம் இருந்தால் மட்டுமே தள்ளிவைக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நல்ல கிளார்க் உன் வழக்குக் கட்டை மேலே எடுத்து வைப்பார். வந்துபோகும் செலவுக்குத் தரும் சாட்சிப் படியையும் கேட்டு வாங்கு. பெரிய தொகை வராது. ஆனால் கேட்காதவர்களுக்கு யாரும் நினைவுபடுத்துவதில்லை. நானும் எத்தனை பேருக்கு நினைவுபடுத்தினேன்?

கூண்டைப் பற்றிப் பயப்படாதே. பார்த்ததைச் சொல். குறுக்கு விசாரணையில் எத்தனை அடி தூரம், என்ன வேகம், வெளிச்சம் இருந்ததா என்று துளைப்பார்கள். தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல். குத்துமதிப்பாக ஒரு நம்பர் சொல்லிவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் நீ சொல்லாதது ஏதாவது இருந்தால், நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லலாம். யாருக்கும் தண்டனை வாங்கிக் கொடுப்பது உன் வேலை இல்லை.

அன்று ராத்திரி நீ எனக்குப் போன் செய்தது ஞாபகம் இருக்கிறதா? துப்பட்டா முழுக்க ரத்தம் என்றாய். அந்த மனிதர் "வீட்டுக்குச் சொல்லுங்க" என்று இரண்டு முறை சொன்னார் என்றாய். அவர் வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. போலீஸ் வாக்குமூலத்தில் அதையெல்லாம் எழுதியிருக்க மாட்டார்கள். நீ அங்கே போய்ப் பேசினால்தான் அவர்கள் காதுக்குப் போகும்.

அனேகமாக ஒரே நாள் வேலை. நேரில்தான் வர வேண்டும் என்று ஆகிவிட்டால், கடிதத்தில் செவ்வாய் அல்லது வியாழக்கிழமை கேள். அந்த இரண்டு நாளும் அப்பாவுக்கு மெஷின் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவோடு இருக்கச் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். உன் பழைய தொட்டில் சேலை பீரோவில்தான் இருக்கிறது. கோர்ட் வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு, கிளை தாழ்வாக இருக்கும். நீ உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வரும்வரை அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நர்ஸ் கூப்பிடுகிறார். அப்பாவுக்கு பிரஷர் பார்க்கிறார்களாம். கடிதத்தை எழுதியதும் எனக்குப் போட்டோ அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா