முந்தானை விரித்துப் பிடித்த அம்மாவுக்கு

போன ரமலானில் ஒரு மாலை, வேலூரிலிருந்து வாணியம்பாடிக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். மடியில் நாலு மாதக் கைக்குழந்தை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. புழுக்கத்தில் பிள்ளை வீறிட்டு அழுதாள். பால் கொடுக்க வேண்டும், சுற்றிலும் ஆண்கள்.

பூக்கூடையோடு பின்னால் இருந்த நீங்கள், நான் கேட்காமலே எழுந்து வந்தீர்கள். ஜன்னலோரம் இருந்தவரை "கொஞ்சம் எந்திரிப்பா" என்று அனுப்பிவிட்டு என்னை அங்கே உட்காரவைத்தீர்கள். முந்தானையை விரித்துப் பிடித்தபடி, பிள்ளை குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தீர்கள். பர்தாவைப் பார்த்ததும் "தமிழ் நல்லா பேசறியே" என்று பலர் என்னை அயலாளாக்குவார்கள். நீங்கள் அதைக் கேட்கவில்லை.

பாலூட்டும் தாய் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களாவாக, அதாவது விட்டதற்கு ஈடாக வேறொரு நாளில், வைக்க அனுமதி உண்டு. வீட்டுக்காரரும் நோன்பு வேண்டாமென்று காலையில் கெஞ்சினார். மகள் பிறந்த வருடம், இறைவனுக்கு நன்றியாக ஒரு நோன்பாவது வைக்க எனக்கு ஆசை. எங்கிருந்தோ நோன்பு திறக்கும் நேரத்து மஃரிப் பாங்கு கேட்டதும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினீர்கள். "நோன்புதானே? குடிம்மா. எங்க தெருவுல கஞ்சி கொடுத்துவிடுவாங்க, எனக்குத் தெரியும்." அப்புறம் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தீர்கள். என் அம்மா போன பிறகு யாரும் எனக்குப் பழம் உரித்துத் தந்ததில்லை.

மாற்று வண்டி வந்த நெரிசலில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பெயர் தெரியாமலே உங்களுக்காக துஆ செய்கிறேன். மாதனூர்ப் பக்கம் பூ விற்கும் இந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துக் காட்டுங்கள். பிள்ளை இப்போது நடக்கிறாள், அம்மா. அன்று அவள் கையில் நீங்கள் சுற்றிவிட்ட மல்லிகைச் சரத்தின் நார் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.