கைதட்டித் தலைவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்: நம் கட்சிப் பொதுக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் மாவட்டச் செயலாளர்களுக்கும் தலைமை நிலைய நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் வியாசர்பாடியில் இருக்கும் ஒரு அடிப்படை உறுப்பினர். தேர்தலுக்குத் தேர்தல் பூத் ஏஜென்டாக உட்காருகிறவன், மற்ற நாட்களில் தெருவில் குடிநீர் லாரி வரவில்லை என்றால் போன் போட்டுக் கேட்கிறவன். பதவி எதுவும் கிடையாது, கேட்கவும் போவதில்லை. கட்சியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நம்மவர்களுக்குப் படித்த உடனே தெரிந்துவிடும், வேறு கட்சிக்காரர்கள் படித்துவிட்டு இது தங்களுக்கும் பொருந்துகிறதே என்று நினைத்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

தோற்றுவிட்டோம். தலைவர் பொறுப்பேற்றுக்கொண்டு விலகிவிட்டார். இப்போது ஈ.சி.ஆர். பக்கம் ஒரு மண்டபம் பிடித்துப் பொதுக்குழுவைக் கூட்டி, மேடையில் ஒருவர் பெயரை முன்மொழிய இன்னொருவர் வழிமொழிய, கீழே எல்லோரும் கைதட்ட, அரை நாளில் புதிய தலைவரை 'ஒருமனதாக'த் தேர்ந்தெடுத்துவிடப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். யார் பெயர் என்பதுகூட முடிவாகிவிட்டதாம். அந்தப் பெயரைப் பற்றி எனக்கு எந்தச் சண்டையும் இல்லை, ஒருவேளை ஓட்டு வைத்தால் நானே அவருக்குப் போட்டாலும் போடுவேன். ஆனால் ஓட்டு வையுங்கள். அடிப்படை உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய ஓட்டு, குறைந்தது இரண்டு வேட்பாளர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். வாக்கு எண்ணும் மையத்தில் எங்கள் மேஜையில் நடந்ததைச் சொல்கிறேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கன்ட்ரோல் யூனிட்டைத் தூக்கிக் காட்டுவார்கள், பட்டனை அமுக்கினால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எவ்வளவு என்று வரிசையாக வரும், நாம் பூத்தில் வாங்கி வைத்த, அங்கே பதிவான மொத்த ஓட்டைக் காட்டும் 17சி படிவத்தோடு மொத்தத்தைச் சரிபார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் தெருக்காரர்கள் போட்ட மிஷின் வந்தது. நம் சின்னத்துக்கு எதிரே வந்த எண்ணைப் பார்த்ததும் இது வேறு பூத் மிஷினோ என்று சந்தேகப்பட்டு வரிசை எண்ணை மறுபடி பார்த்தேன். எங்கள் பூத்தேதான். நான் வீடு வீடாகப் போய் ஸ்லிப் கொடுத்த பூத். வாசலில் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு 'உங்களுக்குத்தாம்பா' என்று சொன்ன அக்காக்களின் பூத். கொஞ்ச நேரத்தில் பக்கத்து மேஜை ஏஜென்டுகள் நோட்டை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நான் கடைசி ரவுண்டு வரை எழுதினேன், ஏனென்றால் அந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும், யாராவது கூப்பிட்டு 'எந்தத் தெருவில் விட்டோம், ஏன் விட்டோம்' என்று கேட்பார்கள் என்று நம்பினேன். இதை எழுதும் வரை ஒருவரும் கேட்கவில்லை. வட்டத்திலும் கேட்கவில்லை, பகுதியிலும் கேட்கவில்லை, மாவட்டத்திலும் கேட்கவில்லை.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டியிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். எங்கள் ஓட்டு வேண்டும் என்றால் வடசென்னைக்கு வந்து உட்கார்ந்து, கூட்டணியை யார் முடிவு செய்தது, வேட்பாளரை எதை வைத்துப் போட்டீர்கள், வெள்ளம் வந்தபோது நம் கவுன்சிலர் எங்கே இருந்தார் என்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். கைதட்டலில் வருகிற தலைவர் எங்களிடம் வர வேண்டிய தேவையே இல்லை, மாவட்டச் செயலாளர்களைப் பார்த்தால் போதும்.

போட்டி வைத்தால் கட்சி உடைந்துவிடும் என்று மூத்தவர்கள் சொல்கிறீர்கள். உங்கள் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் இதே ஊரில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை, 375 இடங்களில் 152தான். ராஜாஜி வந்து ஆட்சியை ஒப்பேற்றினார், அப்புறம் குலக்கல்வித் திட்டம் என்று பேரெடுத்த கல்வித் திட்டத்தால் கட்சிக்குள்ளேயே கொந்தளிப்பு, 1954இல் அவர் விலக வேண்டி வந்தது. அடுத்த முதல்வர் யார் என்று சட்டமன்றக் கட்சியில் ஓட்டு வைத்தார்கள். காமராஜர் ஒரு பக்கம், ராஜாஜி ஆதரித்த சி.சுப்பிரமணியம் இன்னொரு பக்கம். காமராஜருக்கு 93, சி.எஸ்.ஸுக்கு 41. தோற்றவரை ஓரங்கட்டினாரா? சி.எஸ்.ஸையும் அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அதுவும் எட்டே பேர் கொண்ட அமைச்சரவை. சி.எஸ். கல்வித் துறையைப் பார்த்தார், மதிய உணவும் பள்ளிக்கூடங்களும் பெருகியதில் அவருக்கும் பங்கு உண்டு. அந்த 41 பேர் எங்கே நிற்கிறார்கள் என்று காமராஜருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் எண்ணிப் பார்த்திருந்தார்கள். எண்ணாமல் 'ஒருமனதாக' என்று எழுதியிருந்தால் அந்த 41 பேரும் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டு இருந்திருப்பார்கள்.

அதற்கும் முன்னால், 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தலில் காமராஜர் ஜெயித்தது 103க்கு 100 என்ற கணக்கில். மூன்றே ஓட்டு. இன்று அப்படி ஒரு முடிவு வந்தால் எத்தனை பேர் கோர்ட்டுக்குப் போவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அன்று கட்சி நடந்தது.

உடைந்ததும் நடந்திருக்கிறது, மறைக்க வேண்டாம். எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று இரண்டாகி, இரட்டை இலை முடங்கி, 1989இல் ஒருவர் இரட்டைப் புறாவிலும் இன்னொருவர் சேவலிலும் நின்றார்கள். சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2. யாருக்குச் செல்வாக்கு என்று தொண்டர்களையும் உறுப்பினர்களையும் கேட்காமல் மேலிடத்தில் சண்டை போட்டார்கள், கடைசியில் பொதுமக்கள்தான் எண்ணிச் சொல்ல வேண்டி வந்தது, அதற்குள் ஆட்சி போய்விட்டது. எண்ணிக்கை வந்ததும் இரண்டு அணியும் சேர்ந்தன, இலையும் திரும்பி வந்தது. உள்ளேயே எண்ணியிருந்தால் அந்தத் தேர்தல் வேறு மாதிரி போயிருக்கலாம் என்பது என் கணிப்பு.

அண்மையில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். 2021 தோல்விக்குப் பிறகு அதே கட்சியில் இரட்டைத் தலைமையா ஒற்றைத் தலைமையா என்று ஆரம்பித்தது, 2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் பொதுக்குழு நடக்கும்போதே ராயப்பேட்டை அலுவலகத்தில் கல்வீச்சும் அடிதடியும் நடந்து அலுவலகத்துக்குச் சீல் வைத்தார்கள், உச்ச நீதிமன்றம் வரை போய் 2023 மார்ச்சில்தான் பொதுச்செயலாளர் யார் என்பது முடிவானது. இத்தனைக்கும் அந்தக் கட்சியின் விதி எம்.ஜி.ஆர். காலத்திலிருந்தே பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் 2022இல் அதோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள்: போட்டியிடுகிறவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னும் பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். இப்படி ஒரு வாசல்படி இருந்தால் உள்ளே எத்தனை பேர் வர முடியும்? போட்டியின்றித் தேர்வு என்றுதான் முடிந்தது. நம் கட்சியில் விதி திருத்தப்போகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஓட்டு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு வேட்பாளர் உரிமையைப் பூட்டிவிட்டால் எங்களுக்குக் கிடைப்பது வெறும் காகிதம்தான்.

காங்கிரசிலும் பாருங்கள், 2019 மே மாதம் தோற்றார்கள், ராகுல் காந்தி விலகினார், முறைப்படி தேர்தல் நடந்தது 2022 அக்டோபரில். மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897, சசி தரூருக்கு 1,072. நடந்தது நல்ல விஷயம், சென்னையில் அவர்கள் அலுவலகமான சத்தியமூர்த்தி பவனிலும் பெட்டி வைத்து ஓட்டுப் போட்டார்கள். ஆனால் மூன்று வருடத்துக்கு மேல் இழுத்தார்கள், ஓட்டும் பிரதிநிதிகளுக்கு மட்டும்தான். பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சி 2024 ஜூலையில் படுதோல்வி அடைந்தது. ஆறு பேர் நின்றார்கள், எம்.பி.க்கள் சுற்றுச் சுற்றாக ஓட்டுப் போட்டு இரண்டு பேராகக் குறைத்தார்கள், கடைசி இரண்டு பேரில் ஒருவரைச் சாதாரண உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள், நவம்பர் 2 அன்று முடிவு. நான்கு மாதம். அவர்கள் கொள்கை எனக்குப் பிடிக்காது, அது வேறு. இழுக்கவும் இல்லை, அரை நாளில் முடிக்கவும் இல்லை, அந்த வேகம் சரியான வேகம் என்று தோன்றுகிறது.

இப்போது கசப்பான பகுதி. ஓட்டு வைக்க வேண்டும் என்றால் முதலில் உறுப்பினர் பட்டியல் நிஜமாக இருக்க வேண்டும், நம்முடையது அப்படி இல்லை. போன சேர்க்கையின்போது எங்கள் வட்டத்தில் நடந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பெயர், தகப்பனார் பெயர், வயது என்று படிவத்தில் ஏற்றிக்கொண்டே போனார்கள். எல்லாக் கையெழுத்தும் ஒரே நீல மை, ஒரே சாய்வு. எங்கள் தெரு கோடி வீட்டுப் பெரியவர் இறந்து அவர் வருடத் திதியே முடிந்துவிட்டது, அவருக்கும் ஒரு அட்டை வந்தது. சந்தா மொத்தத்தையும் ஒரே ஆள் கட்டினார், அந்த ஆள் அப்புறம் பதவிக்கு வந்தார். கட்டுக்கட்டாகப் படிவம் கொண்டுபோனால் பலம் என்று நீங்கள் எண்ணிக்கை கேட்டீர்கள், கீழே இருக்கிறவர்கள் எண்ணிக்கை தயாரித்துக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் உறுப்பினர் என்று மேடையில் சொல்கிறோமே, அவர்களில் பாதிப்பேர் நிஜமாக இருந்து ஓட்டும் போட்டிருந்தால்கூட எங்கள் பூத்தில் அந்த எண் வந்திருக்காது.

அதனால் இந்தப் பட்டியலை வைத்தே ஓட்டு நடத்தினால் பட்டியல் யார் கையிலோ அவர் கைதான் ஓங்கும் என்பது எனக்குத் தெரியும். உங்களில் சிலர் இதையே காரணம் காட்டித் தேர்தல் வேண்டாம் என்பீர்கள். நான் இதைக் காரணம் காட்டித்தான் தேர்தல் வேண்டும் என்கிறேன். ஓட்டு என்று ஒன்று இருந்தால்தான் அட்டையில் போலி இருக்கிறதா என்று எதிர்ப் பக்கத்துக்காரர் பார்ப்பார், வாக்குச்சாவடியில் கள்ள ஓட்டை ஏஜென்ட் பிடிப்பது போல. பட்டியலை வட்டம் வாரியாக அச்சடித்து வட்ட அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள், ஒரு மாதம் ஆட்சேபணைக்கு விடுங்கள். எங்கள் தெருவில் யார் உறுப்பினர், யார் இல்லை என்று எங்களுக்குத் தெரியும், போலிப் பெயர்களை நாங்கள் அடித்து நீக்கிக் கொடுக்கிறோம்.

தேர்தல் ஆணையம் நம்மைக் கட்டாயப்படுத்தும் என்று காத்திருக்க வேண்டாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில் கட்சியைப் பதிவு செய்கிறார்கள், உட்கட்சித் தேர்தல் நடத்தினோம் என்று நாம் ஒரு பட்டியல் அனுப்புகிறோம், வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விதியை மீறினார்கள் என்பதற்காகப் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் ஆணையத்துக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. ஆந்திராவில் ஜெகன் மோகன் ரெட்டியை ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் நிரந்தரத் தலைவர் ஆக்கியதாகச் செய்தி வந்தபோது, நிரந்தரப் பதவி கூடாது என்று ஆணையம் 2022இல் சொன்னது. அந்த அளவுக்குத்தான் அது வரும். மீதியை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

விலகிய தலைவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமூக வலைத்தளங்களில் நம் பிள்ளைகளே அவரைத் திட்டுகிறார்கள், எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தோற்றவர் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. 1967இல் காமராஜரே விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார், இரண்டு வருடத்தில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்துப் பார்லிமென்ட்டுக்குப் போனார். நம் தலைவரும் மறுபடி நிற்க விரும்பினால் நிற்கட்டும். என்ன நடந்தது என்று எங்கள் முன்னால் சொல்லி, எங்கள் ஓட்டை வாங்கி வரட்டும், அப்படி வந்தால் முன்பைவிடப் பலமான தலைவராக இருப்பார்.

மாவட்டச் செயலாளர் அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் யார் பக்கம் நின்றாலும் சரி, அது உங்கள் உரிமை. ஆனால் உங்களுக்குக் கீழே இருக்கும் வட்டச் செயலாளர்களிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தைத் தீர்மானத்துக்கு ஆதரவு என்று பின்னால் காட்டும் பழக்கத்தை இந்த ஒரு தடவையாவது விடுங்கள். வேறு ஒருவருக்கு வேலை செய்தான் என்பதற்காக யாரையும் கட்டம் கட்டி நீக்காதீர்கள். வெளியே போனால் அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், இன்னொரு கட்சியின் பூத்தில் உட்காருவார்கள். இந்தத் தேர்தலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஏஜென்டே நம்மிடம் இருந்து போனவர்தான்.

ஆகவே கூட்டப்போகும் பொதுக்குழுவில் தலைவரைத் தேர்ந்தெடுக்காமல், தேர்தல் தேதியை மட்டும் முடிவு செய்யுங்கள். அதுவரை ஒருவரைப் பொறுப்புத் தலைவராகப் போடுங்கள், அவர் போட்டியிடக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். தேர்தலை நடத்தக் கட்சியில் பதவி எதிர்பார்க்காத ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைக் கூப்பிடுங்கள், சென்னையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சம் இல்லை. முன்மொழிய மாவட்டச் செயலாளர் தேவையில்லை, ஐந்து மாவட்டங்களிலிருந்து நூறு நூறு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று வையுங்கள். வட்டத்துக்கு ஒரு பெட்டி, எண்ணுவது எல்லோர் கண் முன்னாலும். ஆக வேண்டிய செலவுக்கு எங்கள் வட்டத்தில் நாங்களே வசூல் செய்து தருகிறோம். பந்தல், பெஞ்சு, டீ எல்லாம் எங்கள் பொறுப்பு.

எங்கள் பகுதியில் சில பேர் சேர்ந்து இதையே மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம், பொதுக்குழுவுக்கு முன்னால் தலைமை அலுவலகத்தில் நேரில் கொடுப்போம். வாங்கிக்கொண்டதற்கு ஒரு சீல் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். உறுப்பினர் பட்டியலை எப்போது ஒட்டுவீர்கள் என்ற தேதியையும் அன்றே சொல்லிவிட்டால் நல்லது, நாங்கள் தெருவில் சரிபார்க்கும் வேலையை ஆரம்பித்துவிடுவோம்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு அடிப்படை உறுப்பினர்