நாலாயிரம் ரூபாயும் மூன்று கிலோ அரிசியும்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியை வீட்டில் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன், எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே நாங்கள் நலம். எனக்குச் சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. சாத்தூர்ப் பக்கம் மழை பரவாயில்லை, மக்காச்சோளம் தப்பித்துவிட்டது.

அன்றைக்குப் போனில் நீ சூடாகிவிட்டாய். “கொரோனா காலத்தில் நாலாயிரம் ரூபாய் கொடுத்ததைத் தவிர அரசாங்கம் என்னத்தைக் கிழித்தது?” என்று கேட்டாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். நீ தனியார் பள்ளியில் பாதிச் சம்பளமும் இல்லாமல் கிடந்தவன், கோபம் வரத்தான் செய்யும். நான் பதிவேடும் சாவியும் கையில் வைத்திருந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியன். நீ பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றாக இருக்காது.

என் கண்ணில் பட்டது இதுதான்: எந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு வழி இருந்ததோ, அந்த வீட்டுக்கு உதவி போய்ச் சேர்ந்தது. வழி இல்லாத வீட்டை யாரும் தேடிப் போகவில்லை.

ரேஷன் கடையை எடுத்துக்கொள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய் என்று எடப்பாடி அறிவித்தார். 2021 மே மாதம் ஆட்சி மாறியது. ஸ்டாலின் நாலாயிரத்தை இரண்டு தவணையாகக் கொடுத்தார், இரண்டாவது தவணையோடு 14 மளிகைச் சாமான் அடங்கிய பையும் வந்தது. சுமார் 2 கோடியே 7 லட்சம் அட்டைகள். கட்சி மாறியது, முதல்வர் மாறினார், ஆனால் டோக்கன் கொடுக்க வீடு வீடாக வந்தது அதே கடை ஆள்தான். யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது என்று புதிதாகக் கணக்கெடுக்க உட்கார்ந்திருந்தால் அந்தப் பணம் அடுத்த வருஷம்தான் வந்திருக்கும். அட்டை இல்லாத வடநாட்டுக் குடும்பங்கள் நூற்பாலைப் பக்கம் எத்தனையோ இருந்தன. அவர்களுக்கு வந்தது பெரும்பாலும் தன்னார்வலர்கள் கொடுத்த பொட்டலம்தான்.

சத்துணவும் அப்படித்தான். பள்ளியை மூடினால் சமையலும் நின்றுவிடும். பிள்ளைகள் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 18-ஆம் தேதியே மாநிலங்களைக் கேட்டது. நம் ஊரில் அதை உலர்பொருளாகக் கொடுத்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு 100 கிராம் கணக்கில் மாதத்துக்கு 3 கிலோ 100 அரிசி, 1 கிலோ 200 பருப்பு. பள்ளி வராந்தாவில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, ஆளுக்கொரு வட்டமாக நிற்க வைத்தோம். பெற்றோர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உரப்பையோடு தனியாக வந்து நின்றாள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டாளாம். அமைப்பாளர் அக்கா என் முகத்தைப் பார்த்தார், நான் பதிவேட்டைப் பார்த்தேன். அப்புறம் அரிசியை அளந்து போட்டோம். பையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டே, “சார், முட்டை கிடையாதா?” என்றாள். முட்டை பின்னால்தான் வந்தது. சமைத்த சோறு பிள்ளையின் தட்டில் விழும், உலர்பொருள் வீட்டுப் பானைக்குப் போகும். ஆறு பேர் சாப்பிடும் வீட்டில் மூன்று கிலோ எத்தனை நாள் வரும்? ஆனாலும் ஒன்றுமே இல்லாமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

படிப்பு விஷயத்தில்தான் கோட்டைவிட்டார்கள். கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே தொடங்கியிருந்ததால் ஓர் அலைவரிசை கையில் இருந்தது, வகுப்பு வாரியாக நேரம் போட்டு ஒளிபரப்பினார்கள். பாடங்கள் மோசமில்லை. ஆனால் டிவி கேள்வி கேட்காது, பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திருப்பிப் பார்க்காது. வீட்டில் இருக்கிற ஒரே செல்போன் காலையில் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய்விடும். 2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர் ழான் த்ரேஸ் முதலியோர் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் 8 சதவீதம்தான் ஒழுங்காக ஆன்லைனில் படித்தார்கள், 37 சதவீதம் பேர் படிக்கவே இல்லை. எங்கள் தெருவில் எடுத்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. கொஞ்சம் பெரிய பையன்கள் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போய்விட்டார்கள். ‘ஆல் பாஸ்’ என்று அறிவித்ததை நீ கேலி செய்வாய். செய், ஆனால் அந்த நேரத்தில் பரீட்சை வைத்து யாரை என்ன அளந்திருக்க முடியும்?

2021 நவம்பர் ஒன்றாம் தேதி சின்ன வகுப்புகளைத் திறந்தோம். மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளை கடைசியாகப் பெஞ்சில் உட்கார்ந்தது ஒன்றாம் வகுப்பில். இரண்டாம் வகுப்புக்காரன் பள்ளிக்கூடத்தையே முதல் தடவையாகப் பார்க்கிறான். உனக்குப் பிடித்த கணக்கு ஒன்று சொல்கிறேன். நாலாம் வகுப்புப் பையன் 42-இல் 17 போனால் 35 என்று எழுதினான். எப்படி என்று கேட்டேன். ஏழில் இரண்டு போனால் ஐந்து, நாலில் ஒன்று போனால் மூன்று. எது பெரிசோ அதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டான். கடன் வாங்கிக் கழிப்பது சொல்லித்தர வேண்டிய வருஷம் அவனுக்கு வரவே இல்லை.

இல்லம் தேடிக் கல்வி என்ற அரசாங்கத்தின் சாயங்கால வகுப்புத் திட்டம் அந்த நேரத்தில்தான் வந்தது. அக்டோபர் 27-ஆம் தேதி மரக்காணம் பக்கம் தொடங்கி வைத்தார்கள். சாயங்காலம் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், எட்டாம் வகுப்பு வரை, தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு யார் வருவார்கள் என்று ஆசிரியர் சங்கத்திலேயே சிரித்தார்கள். ஊரில் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் வந்தார்கள், மாநிலம் முழுக்க ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். எங்கள் தெருவில் பி.எஸ்.சி. கணக்கு முடித்த பெண் ஒருத்தி பிள்ளையார் கோயில் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்து, புளியங்கொட்டையைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, அந்த 42-ஐயும் 17-ஐயும் சரிசெய்தாள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்து எழுதியிருக்கிறார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில், படிப்பில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது, அப்படித் திரும்பியதில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்தத் திண்ணை வகுப்பால் என்று. சங்கத்தில் சிரித்தவர்களிடம் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

பெற்றோரை இழந்த பிள்ளைகள் கதை தனி. இருவரையும் இழந்தால் ஐந்து லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தால் மூன்று லட்சம் என்று 2021 மே மாதம் அறிவித்தது நல்ல காரியம். ஆனால் எங்கள் பள்ளிப் பையன் ஒருவனின் அப்பா இறந்தபோது, ஆஸ்பத்திரிச் சீட்டில் நுரையீரல் அழற்சி என்று மட்டும் எழுதிவிட்டார்கள். கொரோனா என்ற சொல் இல்லை. பரிசோதனைச் சீட்டைத் தேடி அந்த அம்மா ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததை நான் கூடவே போய்ப் பார்த்தேன். கடைசியில் பணம் வந்தது. அதற்குள் பையன் இரண்டு வகுப்பு ஏறிவிட்டான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தனியார் பள்ளிகள் கட்டணத்தில் 40 சதவீதமும் பிறகு 35 சதவீதமும் வாங்கலாம் என்று உயர் நீதிமன்றம் அனுமதித்தது. வாங்கிய கட்டணம் வாத்தியார் சம்பளமாகப் போனதா என்று கேட்க ஆளில்லை. தெலங்கானாவில் 2021 ஏப்ரலில் தனியார் பள்ளி ஆசிரியருக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாயும் 25 கிலோ அரிசியும் அறிவித்தார்கள். ஆக, மனசு வைத்தால் முடியாத காரியமில்லை. இங்கே உதவி கொடுக்கிற எந்தப் பதிவேட்டிலும் நீங்கள் இல்லை. சத்துணவுக்கு ஒரு பதிவேடு, ரேஷனுக்கு ஒரு அட்டை, மெட்ரிக் பள்ளி வாத்தியாருக்கு என்ன இருக்கிறது? உதவி கொடுப்பதற்கென்று அப்படி ஒரு பட்டியல் இன்றைக்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு இன்னொரு தொற்று வந்தாலும் உன்னைப் போன்றவர்கள் மறுபடி மீன் கடையிலும் டெலிவரி வண்டியிலும்தான் நிற்க வேண்டியிருக்கும். திட்டுவதென்றால் இதற்குத் திட்டு, நாலாயிரத்தை விட்டுவிடு.

அப்புறம் ஓர் உதவி. அந்தத் திண்ணை வகுப்புப் பெண் பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) இரண்டாம் தாளுக்குப் படிக்கிறாள். கணக்கில் அவளுக்குச் சில இடங்கள் இடிக்கின்றன, எனக்கோ எட்டாம் வகுப்பு வடிவியலே மறந்துபோச்சு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனில் சொல்லிக்கொடுப்பாயா? சரியென்றால் உன் நம்பரை அவளிடம் கொடுக்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்