1966ல எழுதின ‘நெல்லை’ல இந்த ‘லை’ எப்படி வந்துச்சு? என் பணத்தைத் திருப்பிக் குடுங்க

கஸ்டமர் கேர்ல இருக்கவங்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டைல இருந்து எழுதுதேன். போன மாசம் உங்க சைட்ல எம்.ஜி.ஆர் கையெழுத்து போட்ட கருப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு பிரேமோட 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். அது போலின்னு ஏற்கனவே ரெண்டு மெயில் போட்டாச்சு, ரெண்டுக்கும் ‘பிரேமைப் பிரிச்சிட்டா ரிட்டர்ன் கிடையாது’ன்னு ஒரே பதில்தான் வந்துச்சு, அதான் இந்த தடவ நடந்ததை முழுசா எழுதுதேன், கடைசி வரைக்கும் படிங்க.

அது எங்க அப்பாவுக்கு 75 முடிஞ்சதுக்கு நான் குடுத்தது. அப்பாவுக்கு எம்.ஜி.ஆருன்னா உசுரு. டவுன்ல ஒரு பிரஸ்ல ஈய எழுத்து கோக்குத கம்போசிட்டரா முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்தாவ, பதினாறு வயசுல 1966லதான் அங்க சேந்தாவ. அதனாலயே போட்டோ அடியில ‘நெல்லை ரசிகர்களுக்கு அன்புடன், 1966’ன்னு எழுதி கையெழுத்து இருக்கதைப் பாத்ததும் வேற எதையும் யோசிக்காம ஆர்டர் போட்டுட்டேன், அந்த மாச சம்பளத்துல எடுத்த காசு அது.

குடுத்த அன்னைக்கு அப்பா கண்ணாடிய போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாவ. “நல்லாருக்குய்யா”ன்னு மட்டும் சொல்லிட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டச் சொல்லிட்டாவ. ரெண்டு நாள் ஒண்ணும் பேசல. மூணாவது நாள் நான் ஆபீஸ்ல இருந்து வந்தா போட்டோவ கழட்டி மடியில வச்சிக்கிட்டு லென்ஸால பாத்துக்கிட்டு இருக்காவ. “ஏய்யா, கோவிச்சுக்காத, இது 66ல எழுதினது இல்ல”ன்னாவ.

எப்படிப்பான்னு கேட்டேன். ‘நெல்லை’ங்கிற எழுத்து மேல விரலை வச்சாவ. இப்ப நாம போடுத ‘லை’ இருக்குல்லா, முன்னால ஐகாரக் கொம்பு தனியா நிக்கும், பின்னால ல வரும். அந்தக் காலத்து லை அப்படி இல்ல, ல தலைமேல யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு ஒட்டிக்கிட்டே வரும், ரெண்டும் சேந்து ஒரே எழுத்து. பிரஸ்ல எழுத்து போட்டு வைக்குத கேஸ்ல அதுக்கு தனி ஈய எழுத்தே உண்டு. ணா, றா, னா, ணை, ளை, னைன்னு மொத்தம் 13 எழுத்து இந்த மாதிரி இருந்து, 1978ல அரசு ஆணை வந்தப்புறம்தான் எல்லாத்தையும் மாத்தினாங்க, பழைய எழுத்தை எடுத்து தனியா கட்டி வச்சிட்டு புதுசா கோத்தது அப்பாவுக்கு இன்னைக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. அந்த ஆணை போட்ட முதலமைச்சரே எம்.ஜி.ஆர்தான். பெரியாரு குடி அரசு பத்திரிகைல 1935லயே புது எழுத்து போட்டாருன்னு நீங்க பதில் சொல்லலாம், சரி, ஆனா 66ல ஊர்ல எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சதும் கையால எழுதினதும் பழைய லைதான். அப்பா சொன்னதுக்கு அப்புறம் எனக்கு அந்த ஒத்த எழுத்து கண்ணைக் குத்திக்கிட்டே இருக்கு.

அதோட விட்டிருப்பேன். எங்க தூத்துக்குடி அத்தானும் உங்ககிட்ட இதே போட்டோவ வாங்கியிருக்காவ, ஞாயித்துக்கிழமை கொண்டாந்தாவ. பிரேமை அப்பதான் பிரிச்சோம், ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சி ஜன்னல்ல வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சோம். கையெழுத்து சுழி, கடைசி எழுத்து வால் நீளம், 1966ல ஆறோட வளைவு, எல்லாம் அச்சு அசலா ஒண்ணுமேல ஒண்ணு உக்காருது. ஒரு மனுசன் ரெண்டு தடவ கையெழுத்து போட்டா அப்படி வராது, பேங்க்ல செக்ல நான் போடுத கையெழுத்தே ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராது. தூத்துக்குடிக்கு வந்ததுலயும் ‘நெல்லை ரசிகர்களுக்கு’ன்னுதான் இருக்கு.

உங்க சர்டிபிகேட்ல ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டி ‘கையால் இடப்பட்டது, உறுதி’ன்னு போட்டிருக்கு, ஆனா அதைக் குடுத்ததும் நீங்கதான், யாரு பாத்து சோதிச்சாங்கன்னு ஒரு பேரு கூட இல்ல. இதைப் பத்தி நானும் கொஞ்சம் தேடிப் படிச்சேன். அமெரிக்கால 1990கள்ல எப்.பி.ஐ ‘ஆபரேஷன் புல்பென்’னு ஒரு விசாரணை நடத்தி போலி கையெழுத்து கும்பல பிடிச்சப்ப, அங்கயும் போலி சர்டிபிகேட் சேத்துதான் வித்திருக்காங்க, அன்னை தெரசா கையெழுத்து போட்ட பேஸ்பால் கூட சிக்கியிருக்கு. இங்கிலாந்து பாட்டுக் குழு பீட்டில்ஸ் நாலு பேரு பேருலயும் அவங்க கூட வேலை பாத்த நீல் அஸ்பினாலும் மால் எவன்ஸும் போட்டுக் குடுத்திருக்காங்க. நிலாவுக்கு போன ஆம்ஸ்ட்ராங் 1994ல கையெழுத்து போடுததையே நிறுத்தினாரு, அதுக்கப்புறமும் அவரு பேருல போலி ஏகப்பட்டது சந்தைக்கு வந்திருக்கு. ஜனங்க யாரு மேல உசுரா இருக்காங்களோ அவங்க கையெழுத்தைத்தான் அதிகமா போலி பண்ணுதாங்க, எங்க ஊர்ல அது எம்.ஜி.ஆரு.

2022ல அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் புஸ்தகம் 900 காப்பி, ஒண்ணு 599 டாலருக்கு, கையால போட்ட கையெழுத்துன்னு உறுதிக் கடிதத்தோடயே வித்தாங்க. வாங்கினவங்க ஒருத்தரோடத ஒருத்தர் ஒத்துப் பாத்து மிஷின்ல போட்டதுன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. அப்புறம் பதிப்பகம் பணத்தை திருப்பிக் குடுத்துச்சு, டிலனே மன்னிப்பு கேட்டாரு. அவ்வளவு பெரிய ஆளே கேக்கும்போது நீங்க பிரேமைப் பிரிச்ச கதையச் சொல்லுதீங்க. பிரிக்காம எப்படிய்யா பாக்க முடியும்?

எனக்கு என் 6,500, அத்தானுக்கு அவங்க குடுத்த பணம், ரெண்டும் திரும்ப வரணும். உங்க சைட்ல அந்த போட்டோ இன்னும் விக்கிது, அதையும் எடுத்துடுங்க, இன்னொரு வீட்ல ஒரு பிள்ளை இதே மாதிரி வாங்கிக் குடுத்திடக் கூடாது. ஆன்லைன் வியாபார விதிப்படி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு பதில் தரணும், ஒரு மாசத்துல தீர்வு சொல்லணும். இல்லன்னா 1915 நுகர்வோர் உதவி எண்ல பதிஞ்சிட்டு திருநெல்வேலி நுகர்வோர் கமிஷனுக்கு போறேன், 5 லட்சம் வரைக்கும் அங்க கட்டணம் கிடையாது, ரெண்டு போட்டோவும் பில்லும் சர்டிபிகேட்டும் பத்திரமா இருக்கு.

போட்டோவ எடுக்க ஆள் அனுப்புனா காலைல பத்து மணிக்கு மேல அனுப்புங்க. அப்பா அப்ப கோயிலுக்கு போயிருப்பாவ. அவிய முன்னால அதை எடுத்துக் குடுக்க எனக்கு மனசு வராது.