ஸ்பிதிக்குப் போகிற சரவணனுக்கு, பூட்ஸ் விஷயமாக

அன்புள்ள சரவணா,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தோம், நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து விடுகிற வேலை என் தலையில் விழுந்தது, அதில் எல்லாம் தள்ளிப்போய்விட்டது. இப்போது நன்றாகத் தெரிகிறதாம். பார்வை வந்ததும் முதல் காரியமாக அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதைக் கண்டுபிடித்து என்னை ஒரு நாள் முழுக்கத் துடைக்க வைத்துவிட்டார். காவ்யாவுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொண்டதா? முதல் மாதம் எல்லாப் பிள்ளைகளும் அழும், நீ அதற்காக ஈரோட்டிலிருந்து வாரா வாரம் ஓடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 49 வயதில் ஹிமாலயன் 450 பைக் எடுத்திருக்கிறாய், ஜூலை கடைசியில் அதில் இமாசலத்து ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகப்போகிறாய், "தண்ணி உள்ளே போகாத நல்ல பூட்ஸ் எதுடா" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். 1996-ல் உன் மாமாவின் ஆர்எக்ஸ் 100-ல் ஆளுக்கொரு ரப்பர் செருப்போடு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவையும் ஏறினோமே, அட்டை கடித்து நீ ஊரைக் கூட்டினாயே, அந்த ஆளா இப்படிக் கேட்கிறான் என்று சிரிப்பு வந்தது.

எந்தத் தண்ணீர் என்று முதலில் முடிவு பண்ணு. மழையா, முன் சக்கரம் வாரி அடிக்கிற சேறா, ஓடையா? மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு 18,000 ரூபாய் ஆச்சு.

மணாலியிலிருந்து போகும்போது கிராம்பூவில் திரும்பி சத்ரு தாண்டி பாதல் போகிற பாதை இருக்கிறதே, அதைச் சாலை என்று சொல்வது மரியாதைக்குத்தான். பாதி இடத்தில் உருண்டைக் கல் பரப்பிய ஆற்றுப்படுகை. காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற நாலா (மலை ஓடையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), வெயில் ஏறி மேலே பனி உருகினால் மதியத்துக்கு மேல் முழங்காலைத் தொடும். நான் ஸ்பிதி போனபோது நாங்கள் சத்ருவில் பரோட்டா, டீ, அப்புறம் இன்னொரு டீ என்று உட்கார்ந்துவிட்டு இரண்டு மணிக்குப் போய் நின்றோம். நடுவில் ஒரு கல்லில் முன் சக்கரம் நழுவியது, வண்டி சாயாமலிருக்க இடது காலை ஊன்றினேன். என் பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் நாலு விரல் உயரம்தான். தண்ணீர் மேல்வாய் வழியாக ஜில்லென்று இறங்கியது. அந்த நிமிடத்திலிருந்து அது பூட்ஸ் இல்லை, சொம்பு. வெளியே இருப்பதை உள்ளே விடாதது, உள்ளே போனதை வெளியேயும் விடாது. பாதலில் கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. கூட வந்த தம்பி சாதாரண துணி பூட்ஸ் போட்டிருந்தான், முதல் ஓடையிலேயே தொப்பலாக நனைந்தான், ஆனால் மறுநாள் குன்சும் கணவாய் தாண்டி லோசர் இறங்குவதற்குள் அவனுக்குக் காய்ந்துவிட்டது. எனக்குக் காஸா போய் இரண்டு ராத்திரி தங்கியும் உள்ளே ஈரம், வாடை வேறு.

அதனால் கடையில் பூட்ஸின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதே. நாக்குப் பகுதி இருக்கிறதல்லவா, அதை இரண்டு பக்கமும் சேர்த்து மடித்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் எதுவரை ஏறுகிறதோ அதுவரைக்கும்தான் தண்ணீரைத் தடுக்கும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வருகிற பூட்ஸில்கூட அது பாதியிலேயே நின்றுவிடும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார், விற்கிறவருக்கே அது தெரிந்திருக்காது.

மழைத் தண்ணீர் வருகிற வழி வேறு. அது காலில் வழிந்து இறங்கும், பேன்ட்டை பூட்ஸுக்குள் செருகியிருந்தால் கூரைத் தகரம் மாதிரி நேராக உள்ளே கொண்டுபோய் விட்டுவிடும். ரெயின் பேன்ட் பூட்ஸுக்கு வெளியேதான் இறங்க வேண்டும். அதையும் நின்று பார்த்து வாங்காதே, வண்டியில் உட்கார்ந்தால் நாலு விரல் மேலே ஏறிவிடும்.

கோர்டெக்ஸ் நல்லதா என்று கேட்டிருந்தாய். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லானை இழுத்து விரித்துச் செய்த மெல்லிய படலம் அது, 1969-ல் கண்டுபிடித்தது. அதன் துளைகளில் நீராவி போகும், நீர்த்துளி போகாது. ஃபோர்மா கம்பெனி டிரைடெக்ஸ் என்றும், ஆல்பைன்ஸ்டார்ஸ் டிரைஸ்டார் என்றும் தங்கள் சொந்தப் படலத்தைப் போடுகிறார்கள். எல்லாமே தோலுக்கும் உள் துணிக்கும் நடுவில் ஒரு சாக்ஸ் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆகவே மழையில் வெளித்தோல் ஊறி கனத்துப்போவதைப் பார்த்து "ஏமாத்திட்டான்" என்று பதறாதே, கால் காய்ந்திருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். தோல் ஊறிய பிறகு வியர்வை வெளியேறுவது குறையும், உள்ளே கசகசக்கும். அதற்குத்தான் அவ்வப்போது மெழுகு போடுவது. மே மாதம் திருச்சி வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு போனால் காலை இட்லிக் குண்டானில் வைத்த மாதிரிதான், சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது கணுக்கால். ஸ்பிதியில் இல்லை, நம்ம ஆனைகட்டி பக்கம், ரோட்டு வேலைக்கு ஜல்லி கொட்டியிருந்த இடத்தில், பத்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது, வண்டி என் கால் மேல் சாய்ந்தது. உன் வண்டி 196 கிலோ, பெட்டிகள் மாட்டினால் இன்னும் மேலே. அன்றைக்கு பூட்ஸின் உள் பக்கம் இருந்த பிளாஸ்டிக் தட்டில் கால் வைக்கிற ஃபுட்பெக்கின் பல் பதிந்த தடம் அப்படியே இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். எனக்கு ஒரு நாள் நொண்டல், அவ்வளவுதான். மழை வருஷத்தில் சில நாள், கால் தினமும் வேண்டும்.

பூட்ஸின் உள்ளே ஒரு சின்ன லேபிள் இருக்கும், பைக் ஓட்டுகிற ஆள் படம், பக்கத்தில் இ.என் 13634 என்று. அது ஐரோப்பியத் தரம். அதன் கீழே நாலு எண், ஒவ்வொன்றும் 1 அல்லது 2: உயரம், ரோட்டில் தேய்வதைத் தாங்குவது, வெட்டுப்படாமல் தாங்குவது, கடைசி எண் குறுக்கே நசுங்காமல் இருப்பது. வண்டி மேலே விழுவதற்குக் கடைசி எண்ணைத்தான் நான் பார்ப்பேன். கூடவே ஐ.பி.ஏ என்றிருந்தால் கணுக்கால் பாதுகாப்பையும், டபிள்யூ.ஆர் என்றிருந்தால் நீரையும் சோதித்திருக்கிறார்கள். அட்டைப் பெட்டியில் "வாட்டர்ப்ரூஃப்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இந்த லேபிளே இல்லாத சரக்கும் நிறைய சுற்றுகிறது.

அப்புறம் அடிப்பாகம். நின்றுகொண்டு ஓட்டப்போகிறாய், சோல் வளைந்தால் அரை மணி நேரத்தில் பாதத்தின் நடுவில் வலி எடுக்கும். இரண்டு கையாலும் முறுக்கிப் பார். ஆனால் மண் பந்தயத்துக்குப் போடுகிற அசல் மோட்டோகிராஸ் பூட்ஸ் மாதிரி கட்டையாகவும் வேண்டாம், கீ மடாலயத்தில் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும், உன் முட்டியைப் பற்றியும் எனக்குத் தெரியும். மூக்குப் பக்கம் தடித்த பூட்ஸ் என்றால் கியர் லிவருக்குக் கீழே நுழையாது. எனக்கு முதல் நாள் இரண்டாவது கியரே விழவில்லை, பூட்ஸைத் திட்டிக்கொண்டே வந்தேன். லிவரைக் கழற்றி ஒரு பல் மேலே ஏற்றி மாட்டினேன், தீர்ந்தது.

பழைய பூட்ஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று எடுக்காதே. என் சித்தப்பா மகன் அப்படி எடுத்தான், மூன்று வருஷம் யாரோ பீரோவில் வைத்திருந்தது, ஊட்டி போகிற வழியில் சோல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பாலியூரித்தேன் சோல் காற்றின் ஈரத்திலேயே மெல்ல மெல்லச் சிதையும், போடாமல் வைத்திருந்தாலும் சரி. நனைந்தால் ஹீட்டர் பக்கம் வைக்காதே, பசை விட்டுவிடும். உள்ளே செய்தித்தாள் திணித்து, தாள் ஊற ஊற மாற்று.

நானாக இருந்தால் என்ன வாங்குவேன்? ஃபோர்மா அட்வென்ச்சர் மாதிரி உயரமான, உள்ளே படலம் வைத்த, நடக்க ஓரளவு மெத்தென்ற ஒன்று. சிடி கம்பெனியின் அட்வென்ச்சர் 2 கோர்டெக்ஸ் அதைவிட உறுதி, விலையும் அப்படித்தான், வருஷத்துக்கு ஒரு பெரிய பயணம் போகிறவனுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். அதோடு நாலாக்களைக் காலை ஒன்பதுக்குள் தாண்டிவிடு. மணாலியிலேயே ரப்பர் கம்பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்கும், ஆழம் பார்க்க இறங்குவதற்கு அதைவிட உத்தமமான வாட்டர்ப்ரூஃப் எதுவும் கிடையாது, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதே, கணுக்காலுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவை வா. உனக்கும் 9 நம்பர்தானே, சாயங்காலமாக வந்து என்னுடையதைப் போட்டுப் பார், கால் அப்போதுதான் கொஞ்சம் வீங்கி நிஜ அளவில் இருக்கும். தடியான சாக்ஸ் கொண்டு வா. ஸ்பேனர் எடுத்து வைக்கிறேன், லிவரையும் பார்த்துவிடலாம். அம்மா புதுக் கண்ணால் உன்னைப் பார்க்க வேண்டுமாம். "அந்தப் பையன் இன்னும் ஒல்லியாத்தான் இருக்கானா" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன்,
முரளி