புது பிஸ்டல் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் பாதியில் உனக்கு ரேஞ்சுக்கு நேரமாகிவிடுகிறது, அதனால் எழுதியே அனுப்புகிறேன். எலக்ட்ரானிக் டிரிக்கர் வைத்த மொரினி ஏர் பிஸ்டல் வாங்க வேண்டும், கொஞ்சம் பணம் அனுப்ப முடியுமா என்று கேட்டாய். பணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே, அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்கோர் 600-க்கு 560-ஐத் தாண்டாமல் நிற்பதற்கு இப்போது இருக்கும் ஸ்டெயர் பிஸ்டல்தான் காரணம் என்கிறாயே, அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதே துப்பாக்கியை வைஸில், அதாவது அசையாத இடுக்கியில், இறுக்கி வைத்துச் சுட்டால் பெல்லட் குண்டு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஓட்டைக்குள் போகிறது. கையில் எடுத்தால்தான் சிதறுகிறது. அப்படியென்றால் முதலில் பார்க்க வேண்டியது கிரிப்பை, அதாவது கைப்பிடியை.

போன தடவை நீ வந்தபோது அந்தக் கிரிப்பை வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். கடையிலிருந்து வந்தபடியே இருக்கிறது, ஒரு இடத்தில்கூட அரம் படவில்லை. ஒன்று செய்து பார். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கி, வழக்கமாக நிற்கும் உயரத்தில் நிறுத்தி, அப்புறம் கண்ணைத் திற. குறி பார்க்கிற முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக வந்து நின்றால் கிரிப் சரி. இடது பக்கமோ வலது பக்கமோ ஒதுங்கி நின்றால், நீ ஒவ்வொரு ஷாட்டுக்கும் மணிக்கட்டைத் திருப்பி அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். முதல் இருபது ஷாட் வரைக்கும் மணிக்கட்டு தாங்கும், நாற்பதுக்கு மேல் தாங்காது. உன் கடைசி இரண்டு சீரிஸ் (பத்து பத்து ஷாட்) எப்போதும் 92, 91 என்று இறங்குவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளங்கையில் டால்கம் பவுடரைத் தடவிக்கொண்டு கிரிப்பைப் பிடித்து விடு. பவுடர் ஒட்டாத இடத்தில் வுட் புட்டி வைக்க வேண்டும், அழுத்தி ஒட்டிய இடத்தில் உப்புத்தாள் போட வேண்டும். ஒரே நாளில் நிறைய தேய்த்துவிடாதே. கொஞ்சம் தேய்த்து, ரெண்டு நாள் சுட்டுப் பார்த்து, மறுபடி தேய். போபால் குளிரில் கை சுருங்கும், இங்கே திருச்சி வெயிலில் விரலெல்லாம் உப்பும், அதையும் மனதில் வைத்துக்கொள்.

கிரிப்புக்கு ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கு போர்டில் பத்தாம் வளையம் 11.5 மில்லிமீட்டர் அகலம்தான். கை முழுசாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பெல்லட்டும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும், டென் டென்னாகவே இருக்கும். ஆனால் ரெண்டு சைட்டுக்கும் நடுவில் ஒரு அடிக்குக் கொஞ்சம் அதிகம்தான் தூரம், அதனால் முன் சைட் பள்ளத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால் போர்டில் முப்பது மில்லிமீட்டர் தள்ளிப் போய் ஏழில் விழும். கை ஆடுவதைப் பார்த்து நீ பயப்படுகிறாய், எல்லாருக்கும் கை ஆடும், உலக சாம்பியனுக்கும் ஆடும். அந்த ஆட்டத்தை விட்டுவிடு. கண் முன் சைட்டின் மேல் விளிம்பிலேயே இருக்கட்டும், போர்டு மங்கலாகத் தெரிந்தால் போதும்.

இதைப் பழக நிறைய பெல்லட் செலவழிக்க வேண்டியதில்லை. தினமும் அரை மணி நேரம் வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் பண்ணு, பெல்லட் போடாமல் டிரிக்கரை மட்டும் அழுத்து. சுவரில் குறி எதுவும் ஒட்டாதே, ஒட்டினால் கண் அங்கே ஓடிவிடும். தூக்கு, இறக்கி நிறுத்து, அழுத்து. டிரிக்கர் விழும் நொடியில் முன் சைட் துள்ளியதா என்று மட்டும் பார், விழுந்த பிறகும் ரெண்டு எண்ணும் வரைக்கும் அப்படியே நில். பிடித்து எட்டு, பத்து நொடி ஆகியும் டிரிக்கர் விழவில்லை என்றால் இறக்கிவிடு. மேட்சில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது, இறக்கி வைத்து மறுபடி தூக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும். ஹாஸ்டல் ரூமில் செய்யும்போது பெல்லட் டப்பா அந்த ரூமிலேயே இருக்கக் கூடாது, தூக்குவதற்கு முன் பெல்லட் போடும் சேம்பரைத் திறந்து பார்க்காமல் ஒரு நாளும் ஆரம்பிக்காதே.

ரேஞ்சில் நீ செய்கிற ஒரு காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. ஷாட் போன அடுத்த நொடியே தலை மானிட்டர் பக்கம் திரும்பிவிடுகிறது. எவ்வளவு விழுந்தது என்று பார்க்கிற அவசரத்தில், சுட்ட பிறகும் அசையாமல் நிற்கிற ஃபாலோ த்ரூவே இல்லாமல் போகிறது. வாரத்தில் ஒரு நாளாவது மானிட்டர் மேல் துண்டைப் போட்டுவிட்டுச் சுடு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் எங்கே போயிருக்கும் என்று நோட்டில் எழுது, "வலது, ஒன்பது" என்று எழுதினால் போதும். பத்து முடிந்ததும் துண்டை எடுத்து ஒத்துப் பார். நீ எழுதியதும் விழுந்ததும் பொருந்த ஆரம்பித்தால் ஸ்கோர் தானாக ஏறும்.

சாமானில் நான் கறாராக இருக்கச் சொல்வது சில விஷயங்களில்தான். டிரிக்கர் விழத் தேவையான அழுத்தம் குறைந்தது 500 கிராம் என்பது விதி, நீ சரியாக 500-இல் வைத்திருக்கிறாய். 520-க்கு ஏற்று, எக்விப்மென்ட் கண்ட்ரோலில், அதாவது துப்பாக்கியைச் சோதிக்கும் இடத்தில், டிரிக்கரால் எடையைத் தூக்கும்போது நெஞ்சு படபடக்க வேண்டாம். பெல்லட்டில் ஹெட் சைஸ் 4.49, 4.50 என்று வரும், ரெண்டையும் வைஸில் வைத்து ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதே பேட்ச் நம்பரில் மொத்தமாக வாங்கி வை. துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டருக்குத் தயாரித்த தேதியிலிருந்து பத்து வருஷம்தான் கெடு. உன்னுடையது செகண்ட் ஹேண்ட் என்பதால் எனக்கு அதுதான் உறுத்துகிறது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு நடந்தது ஞாபகம் இருக்கும். தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டலில் லீவர் உடைந்து, சரிபண்ணுவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அப்படியும் வந்து நின்று 575 சுட்டாள், ஃபைனல் ரெண்டு பாயிண்டில் போனது. பாரிஸில் 580 சுட்டு ஃபைனலுக்குப் போய் வெண்கலம் வாங்கினாள். நேரம் போன பதற்றத்திலும் அந்தப் பிள்ளையால் 575 சுட முடிந்தது பார், அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு நெகிழ்கிறது. கருவி எப்போது வேண்டுமானாலும் பழுதாகலாம். உன் பெட்டியில் ஸ்பேர் சீல், ஆலன் கீ, ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று பார்.

அதே பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச் சாதாரணக் கண்ணாடியோடு நின்று வெள்ளி வாங்கிய படத்தை ஹாஸ்டலில் எல்லாரும் காட்டுவார்கள். அதைப் பார்த்து ஷூட்டிங் கண்ணாடி எல்லாம் வீண் என்று முடிவு கட்டாதே. ரெண்டு கண்ணையும் திறந்து சுடுவது அவருக்குப் பல வருஷப் பழக்கம், கையில் இருந்ததும் நல்ல மேட்ச் பிஸ்டல்தான். உனக்குக் கிட்டப்பார்வை இருப்பதால் லென்ஸ் அவசியம். கண் டாக்டரிடம் கை நீட்டிய தூரத்துக்குப் பவர் பார்க்கச் சொல், அதற்கு ஆகும் செலவை நான் இன்றைக்கே அனுப்புகிறேன்.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லச் சொன்னாள் அம்மா. பெல்லட் ஈயம், அவள் சொல்வது நியாயம்.

இப்படி மூன்று மாதம் ஓட்டு, கோச் சாரிடமும் இதைக் காட்டிக் கேட்டுக்கொள். அப்புறமும் மொரினிதான் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம், நான் தடுக்க மாட்டேன். சிலிண்டரில் பொறித்திருக்கும் மாதத்தையும் வருஷத்தையும் மட்டும் இன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா