ஜெர்மனிக்குப் போகலாம், பக்கத்து விளைக்குப் போகக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ படிக்கிறேன். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று. விடுமுறையில் என்ன செய்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பொதுத்தேர்வு எழுதப் போகிற பிள்ளையிடம் அதைக் கேட்கக் கூடாது போல. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேக்கைக் கையில் வாங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள்: "அடுத்து என்ன?"

அத்தைக்கு அதில் சந்தேகமே இல்லை. "நர்சிங் படி மக்களே. ஜெர்மனிக்குப் போலாம். பாஷையை இப்பவே படிக்கத் தொடங்கு" என்றார். அப்பா தலையாட்டினார். அம்மாவும் அந்த ஊரில் குளிர் அதிகமாமே என்று மட்டும்தான் கவலைப்பட்டார். எங்கள் பக்கத்தில் எதிர்காலம் என்றால் திருவனந்தபுரம் விமான நிலையம் வரை ஜீப்பில் போய் ஒருவரை வழியனுப்பிவிட்டு, திரும்பும் வழியில் சாயா குடித்துவிட்டு வருவது. சின்ன வயதிலிருந்து அந்த ஜீப்பின் பின்சீட்டில் எத்தனை முறை போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

சரி, ஜெர்மனி இருக்கட்டும். அதே வாரம் நான் ஒன்று கேட்டேன். சபை வாலிபர்களோடு கேரல் ரவுண்ட்ஸ் போகட்டுமா என்று. "ராத்திரி பத்து மணிக்கு பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன வேலை?" என்று பதில் வந்தது. சொன்னவர் அதே அத்தை!

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சில இரவுகளில் டிரம்மும் கிடாரும் எடுத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட ஒருவரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடுவோம். ரோட்டோர வீடுகளுக்கு வேன் போகும். உள்ளே ரப்பர் விளைகளுக்கு, அதாவது தோட்டங்களுக்கு, நடுவில் இருக்கிற வீடுகளுக்கு ஒற்றையடிப் பாதையில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்துதான் போக வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு வேன் ரவுண்டு மட்டும்தான், அதுவும் ஒன்பது மணி வரை. விளை ரவுண்டு பையன்களுக்கு. யார் வைத்த சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. இந்த வருஷம் எனக்கு வேன் ரவுண்டும் கிடையாது, தேர்வு வருகிறதாம். அண்ணன் பிளஸ் டூ படித்த வருஷம் நான்கு இரவும் போனான். அவனுக்கும் அதே மார்ச்சில்தான் தேர்வு வந்தது.

அப்பாவின் நிலைமையும் எனக்குப் புரியாமல் இல்லை. அவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். டிசம்பர் குளிரில் பால் நன்றாக இறங்கும். ஒரு நாள் வெட்டாவிட்டாலும் நஷ்டம். இரவு எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்து, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார். எனக்குத் துணை வர அவருக்கு எங்கே நேரம்? ஆனாலும் இருபத்துமூன்றாம் தேதி இரவு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வா, ரெண்டு வீடு மட்டும்" என்றார்.

ரெண்டு வீடு ஆறு வீடானது. கடைசி வீடு சானலுக்கு, அதாவது கால்வாய்க்கு, அந்தப்பக்கம். ஒரு பாட்டி மட்டும் இருக்கிறார், பிள்ளைகள் வளைகுடாவில். வாசலில் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது, பாட்டி திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடி முடித்ததும் தாத்தா வேஷம் போட்ட பையன் முகமூடியைத் தூக்கி வியர்வையைத் துடைத்தான். அந்தக் குளிரிலும் அவன் சட்டை நனைந்திருந்தது. பாட்டி அவனை விட்டுவிட்டு என் தாடையைப் பிடித்து, "நீ யாருக்க மவ?" என்று கேட்டார். அப்புறம், "பொம்பளப் பிள்ளையள் இந்த வீட்டுல வந்து பாடி எத்தர வருஷமாச்சு" என்றார். எல்லாருக்கும் கட்டன் சாயாவும் முந்திரிக்கொத்தும் வந்தது. சிறுபயறு மாவையும் கருப்பட்டிப் பாகையும் உருட்டி, அரிசி மாவில் முக்கிப் பொரித்து, மூன்று மூன்றாக ஒட்டிய அசல் முந்திரிக்கொத்து. மேல்தோடு கடித்தால் உடையும், உள்ளே மணலாக உதிரும். எங்கள் வீட்டில் இப்போது கடையில் வாங்குகிறோம், அது கல்.

வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்றரை. மூன்று மணிக்கு அப்பா எழுந்து போகும் சத்தம் கேட்டது. ஐந்து மணிக்கு நான் உயிரியல் புத்தகத்தைத் திறந்தேன். எழுத்தெல்லாம் அப்படியே இருந்தன.

விடுமுறைகளுக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமில்லை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் தேர், சிவராத்திரி, மண்டைக்காடு கொடை, அய்யா வைகுண்டர் பிறந்தநாள், ஓணம் என்று உள்ளூர் விடுமுறை வந்துகொண்டே இருக்கும். பதிலுக்கு ஒரு சனிக்கிழமையை ஆட்சியர் எடுத்துக்கொள்வார், அது பழகிப்போனது. ஆனால் பத்தாம் வகுப்புக்கு மேல் இந்த நாட்கள் எங்களுடையவை அல்ல. 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அந்த நாளுக்கும் விடுமுறை உண்டு. பிளஸ் ஒன் படிக்கும்போது அந்த விடுமுறையில் மாதிரித் தேர்வு எழுதினேன். விடுமுறையில் வகுப்பு வைக்கக் கூடாது என்று கல்வித்துறை சொன்னதாகச் செய்தி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

சிவராத்திரிக்கு முந்தின நாள் தொடங்கும் சிவாலய ஓட்டம் திற்பரப்பிலிருந்து திருநந்திக்கரை, பொன்மனை என்று எங்கள் பக்கமாகத்தான் போகும். முஞ்சிறையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில். காவி வேட்டியும் கையில் பனையோலை விசிறியுமாக ஓடுவார்கள். சிவன் கோயிலுக்கு ஓடிக்கொண்டு "கோவிந்தா, கோபாலா" என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டபோது சிவபக்தனான புருஷாமிருகம் துரத்தியபோது பீமன் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிய கதையைச் சொன்னவர் என் பாட்டி, ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர். ரோட்டோரத்தில் எலுமிச்சம்பழத் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்பார், நான் டம்ளரில் ஊற்றிக் கொடுப்பேன். போன வருஷம் அந்தச் சத்தத்தை ஜன்னல் வழியாகக் கேட்டதோடு சரி. இந்த வருஷமும் அப்படித்தான் இருக்கும்.

எனக்கு வரலாறு படிக்க ஆசை. நாகர்கோவிலிலேயே படிக்கலாம். தோள்சீலைக்காக, அதாவது மார்பை மறைத்து மேலாடை உடுத்தும் உரிமைக்காக, இந்த மண்ணில் பெண்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். 1859-ல் மன்னரின் ஆணை வந்த பிறகும்கூட இன்ன மாதிரிதான் உடுத்த வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு வேன் ரவுண்டு நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும், ஆனாலும் வந்தது. வரலாறு படித்தால் என்ன கிடைக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள். தெரியாது. ஒருவேளை கடைசியில் நர்சிங்கே படித்து ஜெர்மனிக்குப் போனாலும் போவேன். ஆனால் முன்பின் தெரியாத ஊரில் நைட் டியூட்டி முடித்துத் தனியாக அறைக்குத் திரும்பலாம் என்று நம்புகிற பிள்ளையை, பிறந்த ஊரில் சானல் தாண்டி நான்கு வீடு தள்ளி அனுப்பப் பயப்படுவது என்ன கணக்கு என்று மட்டும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

எங்கள் சபையில் கேரல் பட்டியலை நவம்பரில் போடுவார்கள். விளை ரவுண்டில் பெண்பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லி ஏழு பேர் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம். அதில் இரண்டு பேர் எட்டாம் வகுப்பு. நான் அப்போது இங்கே இருப்பேனா என்று தெரியவில்லை, அவர்கள் இருப்பார்கள்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். அத்தை உங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர்.

இப்படிக்கு,
ஒரு பிளஸ் டூ மாணவி,
கன்னியாகுமரி மாவட்டம்.